அடுப்பில் எரிந்த அடுத்த பாகம்

தம்பி, நேத்து நீ போன்ல சொன்னதைக் கேட்டதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலைன்னு எழுதினா அது பொய். கை நல்லாவே ஓடுது. ஓடறதாலதான் இதை எழுதறேன். போன்ல பேசினா "சரிம்மா, சரிம்மா"ன்னு நீ நடுவுல நடுவுல வெட்டுவே, இல்லேன்னா மீட்டிங் வந்துடும். கடுதாசியை வெட்ட முடியாது பாரு. மன்னார்குடியில உக்காந்துக்கிட்டு ஒரு ரிட்டையர்டு டீச்சர் எழுதறதை நீ மெட்ராஸ்ல உக்காந்து முழுசாப் படிச்சுத்தான் ஆகணும். மெட்ராஸ்னு எழுதினதுக்குத் திருத்தம் சொல்லாதே, எனக்கு அது மெட்ராஸ்தான்.

நிச்சயம் முடிஞ்சாச்சு. ஆவணியில முகூர்த்தம் வச்சாச்சு. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. இவ்வளவும் ஆனப்புறம், சீர்காழியில பொண்ணு வீட்டுக்கு டீ குடிக்கப் போன பெரிய மனுசன் நீ, அவ அறையில ரெண்டு டிரங்குப் பெட்டியைப் பாத்திருக்கே. என்னன்னு கேட்டிருக்கே. அந்தப் பொண்ணும் வெள்ளந்தியா திறந்து காட்டியிருக்கு. உள்ள பூரா காமிக்ஸ். "இதெல்லாம் நம்ம வீட்டுக்கு வரும்"னு சிரிச்சிருக்கு. உடனே உனக்கு வேர்த்துடுச்சு. பேங்க்ல ஆபீசரா இருக்கிற பொண்ணு பொம்மைப் புத்தகம் படிக்குதேம்மா, சின்னப்புள்ளத்தனமா இருக்கே, நாளைக்கு இது குடும்பம் நடத்துமா, கொஞ்சம் யோசிக்கலாமான்னு எங்கிட்ட கேக்கறே. வளந்தவங்க இதுல அப்படி என்னத்தைத்தான் காண்றாங்கன்னும் கேட்டே. இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் நான் பதில் சொல்லப் போறேன். மத்தது தன்னால விளங்கும். ஆனா ஒண்ணு, நாள்பூரா கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாப் போட்டு அதுக்குள்ள நம்பரை அடைச்சுட்டு உக்காந்திருக்கிற நீ, கட்டத்துக்குள்ள குதிரை ஓடறதைப் பாத்துச் சிரிக்கறது கொஞ்சம் ஓவர்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேனா இல்லையான்னு நீ யோசிச்சதே இல்லை. நீ பொறந்தப்பவே நான் டீச்சர். அம்மான்னா சாக்பீஸ் கறை பட்ட புடவைன்னு நினைச்சு வளந்தவன் நீ. நான் எப்படி அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சேன்னு உங்கிட்ட சொன்னதில்லை. வெக்கம்னு இல்ல. அதைச் சொன்னா பசியையும் சேர்த்துச் சொல்லணும். நீ சாப்பிட உக்காரும்போது அதெல்லாம் எதுக்குன்னு விட்டேன். அப்புறம் நீ ஹாஸ்டல், வேலைன்னு போயிட்டே, சொல்லாமலே போச்சு.

அப்ப நான் அஞ்சாவது. எங்க ஊரு மன்னார்குடிக்குக் கிழக்கே, ஆத்துக்கு அந்தப் பக்கம். உனக்குத் தெரிஞ்ச ஊருதான், ஆனா உனக்குத் தெரிஞ்ச தெரு இல்ல. அப்ப எங்க தெரு ஊருக்கு வெளிய, வயலுக்கு நடுவுல, மழை பெஞ்சா வரப்பு வழியா மட்டும்தான் போய் வர முடியும். ஊருக்குள்ள அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஆறாவதுன்னா மன்னார்குடி. எங்க தெருவுலேர்ந்து அதுவரைக்கும் ஒரு பொம்பளைப் புள்ளையும் ஆறாவது போனதில்லை. அஞ்சாவது முடிச்சா நடவுக்கு இறங்கணும். அதுல யாருக்கும் வருத்தமும் இல்ல, மழைக்காலம் முடிஞ்சா பனி வர்றது போல அதுபாட்டுக்கு வரும்.

எங்கம்மா பண்ணை வீட்டுல மாட்டுக்கொட்டகை கூட்டி சாணி அள்ளும். அந்த வருசம் போகி அன்னிக்கு அந்த வீட்டுல பழசெல்லாம் வாரி வாசல்ல போட்டாங்க. அவங்க புள்ளை திருச்சியில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சான், அவன் படிச்சுத் தள்ளின புத்தகம் ஒரு கட்டு இருந்துச்சு. எரிக்கத்தானே போறீங்க, எங்க அடுப்புல எரிச்சுக்கிறேன்னு எங்கம்மா கேட்டு வாங்கிட்டு வந்துச்சு. சுள்ளிக்கு அலையற வீட்டுல ஒரு கட்டு காகிதம்னா சும்மாவா. அடுப்புப் பக்கத்துல வச்சு, தினம் ஒண்ணு ரெண்டு பக்கமாக் கிழிச்சுப் பத்தவைக்கும். ஒரு நாள் கஞ்சிக்குத் தண்ணி வைக்கும்போது நான் அந்தக் கட்டுலேர்ந்து ஒண்ணை உருவினேன். திறந்தா, கட்டம் கட்டமா படம். தொப்பி போட்ட ஒருத்தன் குதிரையில வர்றான். அவன் வாய்க்கு மேல முட்டை மாதிரி ஒரு வட்டம், அதுக்குள்ள தமிழ்ல பேசறான். பாடப் புத்தகத்துல யாரும் பேசவே மாட்டாங்க தம்பி, எல்லாத்தையும் வாத்தியாரே சொல்லிடுவாரு. இவன் நேரா எங்கிட்ட பேசினான்.

அந்தத் தை மாசம் அறுப்புக் காலம். ஆட்சி மாறி புதுசா இருந்த சமயம், மேடையில எல்லாம் நல்ல தமிழ்ல பேசினாங்க, கேக்க சுகமா இருக்கும். எங்க தெருவுல ஜனங்க அறுப்புக் கூலியில அரைப்படி கூடக் கேட்டாங்க. சிவப்புக் கொடி நட்டாங்க. நிலக்காரங்க முடியாதுன்னாங்க, அவங்க ஒரு சங்கம் வச்சு அவங்க ஒரு கொடி நட்டாங்க. உங்களை யாரு கூப்பிடப் போறான்னு வெளியூர்லேர்ந்து லாரியில ஆள் இறக்கினாங்க. எங்கப்பாவும் இன்னும் பத்துப் பேரும் ரோட்டுல போய் லாரிக்கு முன்னாடி நின்னாங்க. நின்னதுக்கு என்ன கிடைச்சுதுன்னா, எங்கப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டா போச்சு. கட்டில்ல தூக்கிட்டு வந்தாங்க. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வச்சுக் கட்டினாரு. காலை அசைச்சா அவ்வளவுதான், ஆயுசுக்கும் நொண்டிதான்னு சொல்லிட்டுப் போனாரு.

அறுப்பு வெளியூர்க்காரன் கையில போச்சு. எங்க தெருவுக்குக் கூலி நெல்லு ஒரு மரக்கால் வரலை. பண்ணையில எங்கம்மாவையும் நிறுத்திட்டாங்க. நத்தையும் நண்டும் பொறுக்கிட்டு வந்து ஆக்கினோம், வாய்க்கால் காஞ்சதும் அதுவும் போச்சு. எங்கப்பா நடமாடிக்கிட்டே இருந்த மனுசன். குடிசைக்குள்ள மல்லாந்து கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தா பைத்தியம் பிடிக்காதா? எங்கம்மாவைத் திட்டுவாரு, என்னைத் திட்டுவாரு, நாயைத் திட்டுவாரு. நான் அவருக்குப் பயந்துக்கிட்டு மூலையில உக்காந்து அந்தப் புத்தகத்தைப் படிப்பேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிச்சாத்தான் வரும். அது அவரு காதுல விழுந்திருக்கு. "எவன்டி அவன், துப்பாக்கியை எடுங்கறவன்?" அப்படின்னாரு. கொண்டுபோய்க் காட்டினேன். எங்கப்பாவுக்கு ஒரு எழுத்து தெரியாது. புத்தகத்தை வாங்கி நெஞ்சு மேல வச்சுக்கிட்டு முதல் படத்தைப் பாத்தாரு. பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு.

அன்னியிலேர்ந்து அவரு தலைமாட்டுல நான். படிக்கறது நான், பக்கம் திருப்பறது அவரு. அது அவரே வச்ச சட்டம். நான் படிச்சு முடிச்சாலும் அவரு படத்தை விட மாட்டாரு, மூலை முடுக்கெல்லாம் மேய்வாரு. "இவ்வளவு பெரிய நிலத்துல ஒருத்தன்கூட குனிஞ்சு வேலை செய்யலையே, இவனுங்க எதைத் தின்றானுங்க?" "இந்தக் குதிரை காலையிலேர்ந்து ஓடுதே, தண்ணி காட்டினானா?" இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி. அடுத்த பக்கத்துக்கு எனக்கு அரிக்கும், கை வச்சா தட்டிவிடுவாரு. நீ பொண்டாட்டியோட வாழப்போறவன், இதை மட்டும் மனசுல வச்சுக்க: ரெண்டு பேரு ஒரு புத்தகத்தை வச்சுப் படிச்சா, மெதுவாப் படிக்கிறவங்கதான் பக்கத்தைத் திருப்பணும். வேகமாப் படிக்கிறவன் திருப்பினா மத்தவங்க பாதியிலயே விட்டுட்டுப் போயிடுவாங்க. நீ வேகக்காரன், அதனால சொல்றேன்.

ஒரு நாள் நடந்தது எனக்கு இன்னும் மறக்கலை. ஒரு கட்டத்துல தடியன் ஒருத்தன் தடியை ஓங்கிக்கிட்டு நிக்கறான். அடுத்த கட்டத்துல இன்னொருத்தன் கீழே கிடக்கான். எங்கப்பா அந்த ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்கற வெள்ளைக் கோட்டுல விரலை வச்சாரு. அடி விழுந்ததைக் காட்டவே இல்லையே புள்ளன்னாரு. அது நமக்கே தெரியும்னு விட்டுட்டாங்கப்பான்னு சொன்னேன். அவரு "ஆமா, தெரியும்"னாரு. லாரி முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அதுவரைக்கும் எங்கம்மா எத்தனையோ தரம் கேட்டிருக்கு, வாயைத் திறக்காத மனுசன். அன்னிக்கு அந்தக் கோட்டு மேல விரலை வச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாரு. யாரு முதல்ல அடிச்சான், தனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு, எல்லாம். எங்கப்பா பயந்தாருன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். எனக்கு அழுகை வந்துடுச்சு. அவரு என் தலையைப் பிடிச்சு, சரி சரி, மேல படின்னாரு.

நீ கேட்டியே என்னத்தைக் காண்றாங்கன்னு. இதைத்தான் தம்பி. மத்த புத்தகத்துல எழுதினவன் முழுசும் சொல்லிடுவான். இதுல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ஒரு சந்து விட்டு வச்சிருக்கான், அதுல நாமதான் நுழைஞ்சு போகணும். எழுத்து தெரிஞ்சவனும் போகலாம், தெரியாதவனும் போகலாம். நான் எத்தனையோ வருசம் புள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவ. வாசிக்க வராத புள்ளை கையில ஒரு பொம்மைப் புத்தகத்தைக் கொடுத்துப் பாரு, அது முழிக்காது. தலைகீழாப் பிடிச்சாவது ஒரு கதை சொல்லும். சின்னப்புள்ளத்தனம்னு நீ சொல்றது இதைத்தான்னா, அது எனக்கும் இருக்கு, உங்க தாத்தாவுக்கும் இருந்துச்சு.

மெதுவா எங்க குடிசைக்குக் கூட்டம் சேர ஆரம்பிச்சுது. எங்கப்பாவைப் பாக்க வர்றவங்க கதைக்கு உக்காந்தாங்க. வேலை இல்லாத தெரு, வேற எங்க போறது? ஒரு கதைதான் எல்லாரையும் பிடிச்சு உலுக்கினது. அதுல ஒரு பெரிய பண்ணைக்காரன் மேலண்டை ஆத்தை மறிச்சு அணை கட்டிடறான். கீழே இருக்கற குடியானவங்க காஞ்சு சாகறாங்க. நம்ம ஊரு ஜனத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும்? ஆத்தை மறிச்சுட்டான்னு நான் படிச்சதும் பொம்பளைங்க மண்ணை வாரித் தூத்தினாங்க. குதிரைக்காரன் அவங்களுக்காகப் போறான். கடைசியில அவனைப் பிடிச்சு அந்த அணை மேலயே கட்டிப் போட்டு, பக்கத்துல வெடியை வச்சுத் திரியைக் கொளுத்திடறாங்க. திரி எரியுது. அவன் கண்ணு மட்டும் பெருசா ஒரு படம். கீழே, மீதி அடுத்த பாகத்தில்னு போட்டிருக்கு.

ஓடிப்போய் அடுப்புக்கிட்ட இருந்த கட்டைப் பிரிச்சேன். எங்கம்மா அப்பதான் ஊதாங்குழலை வச்சு ஊதிக்கிட்டிருந்துச்சு. அடுப்பு வாயில ஒரு குதிரையோட பின்னங்கால் மட்டும் சுருண்டு எரியுது. முதல் பாகம் என் கையில. ரெண்டாம் பாகத்துல கஞ்சி கொதிச்சுக்கிட்டிருக்கு. நான் போட்ட கூச்சல்ல தெருவே வந்துடுச்சு. எங்கம்மா பாவம், ஒண்ணும் புரியாம கரண்டியோட நிக்குது. விஷயம் புரிஞ்சதும், கதை வேணும்னா கஞ்சி வேணாமான்னு கேட்டுச்சு.

அப்புறம் எங்க தெரு பண்ணின காரியம் இருக்கே, வேற எந்த ஊருலயும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது. சாயங்காலம் கொடிக்கம்பத்தடியில கூட்டம் போட்டாங்க. அரைப்படி கூலிக்கு எப்படிக் கூட்டம் போட்டாங்களோ அப்படியே. குதிரைக்காரன் கதி என்னன்னு பேசி முடிவு பண்ணணும். ஒருத்தர், அணை வெடிக்கட்டும், தண்ணி வரட்டும்னாரு. இன்னொருத்தர் எழுந்து, அணை வெடிச்சா மொத்தத் தண்ணியும் ஒரேயடியா வந்து நாத்தங்காலை அடிச்சுட்டுப் போயிடுமே, அறிவிருக்கான்னு கேட்டாரு. மதகைத் திறக்கணும், உடைக்கப்படாது, மேலண்டைக்கு இத்தனை நாள் கீழண்டைக்கு இத்தனை நாள்னு முறை வைக்கணும்னு பேச்சு அந்தப் பக்கம் போயிடுச்சு. திரி எரிஞ்சுக்கிட்டிருக்கு, இவங்க மடைக்கு ஆள் போட்டுக்கிட்டிருக்காங்க. கடைசியில, திரியை மழை வந்து அணைக்கணும், பண்ணைக்காரன் மதகைத் திறக்கணும், கூலியில அரைப்படி கூட்டிக் கொடுக்கணும்னு தீர்மானம் ஆச்சு. எல்லாரும் கை தூக்கினாங்க. குதிரைக்காரனைக் கட்டவிழ்க்கறதையே மறந்துட்டாங்க. நான்தான் நடுவுல கத்தி அதையும் சேர்க்க வச்சேன்.

எங்கப்பாவை அன்னிக்குக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிருந்தாங்க. எதுக்கும் முதல் ஆளாக் கை தூக்கற மனுசன், அன்னிக்குத் தூக்கலை. நாம ஆசைப்படறது வேற, அங்க நடந்தது வேற, அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னாரு. விடவே இல்லை. எழுந்து நடக்க முடியாதவரு, கிடந்த இடத்துலேர்ந்தே வர்றவன் போறவனையெல்லாம் விசாரிச்சாரு. மன்னார்குடியில பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பழைய புத்தகம் விக்கிற கடை இருக்கு, அங்க இந்த மாதிரி தொங்க விட்டிருக்காங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. ஆனா எந்தப் புத்தகத்துக்கு எது அடுத்ததுன்னு எழுத்து தெரிஞ்சவங்கதான் பாத்து எடுக்க முடியும். எங்க தெருவுல அப்படி யாரு இருக்கா? நான் இருந்தேன். எனக்கோ அஞ்சாவது முடியப் போகுது.

ஆனியில ஆத்துல தண்ணி வந்துடுச்சு. தாசில்தார் ஆபீசுல உக்கார வச்சுப் பேசி ஒரு மாதிரி சமாதானம் ஆகி, குறுவை நடவுக்கு எங்க தெருப் பொம்பளைங்களைக் கூப்பிட்டாங்க. எங்கம்மா என்னையும் கிளப்புச்சு. அதுல தப்பே இல்ல தம்பி, அப்பவும் நான் தப்புன்னு நினைக்கலை. சம்பாதிக்கிற ஆள் படுத்துட்டாரு, வீட்டுல நெல்லு இல்ல, பொண்ணு குனிய ஆரம்பிச்சா அவ பங்கு ஒண்ணு கூட வரும். ஆறாவதுங்கற பேச்சை நான் எடுக்கவே இல்லை. முதல் நாள் சேத்துல இறங்கி நாத்துமுடியைக் கையில வாங்கினேன். மதியத்துக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு. ஆனா வலியை விட, இனிமே இப்படித்தான்னு நினைச்சப்ப ஒரு இருட்டு வந்துச்சு பாரு, அதுதான் தாங்கலை. வரப்புல ஏறி உக்காந்து அழுதேன்.

நடவு ஆளைச் சேர்த்துக் கூட்டிட்டுப் போறது அஞ்சலைன்னு ஒரு அம்மா. வாய் ஊருக்குப் பெருசு, யாரையும் விடாது. என்னடி, ராணியம்மாவுக்கு மண்ணு ஒத்துக்கலையான்னு கேட்டுச்சு. எங்கம்மா பதில் சொல்லும் முன்னாடி நான் விம்மிக்கிட்டே சொன்னேன், மன்னார்குடிக்குப் போனாத்தான் அந்தப் புத்தகம் கிடைக்கும்னு. ஒரு நிமிசம் எல்லாக் கையும் நின்னுச்சு. அந்தக் குதிரைக்காரன் இன்னும் அணை மேலயே கட்டிக் கிடக்கான்னு அவங்க எல்லாருக்கும் தெரியும்.

அப்ப நடவு எப்படின்னா, ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு நெல்லுன்னு மொத்தமாப் பேசி, வந்த நெல்லைத் தலைக்குத் தலை பங்கு போட்டுக்குவாங்க. அஞ்சலை நிமிர்ந்து சுத்தி ஒரு பார்வை பாத்துச்சு. "இவ பங்கு நடவை நாம ஆளுக்குக் கொஞ்சமா நட்டுடுவோம். தலைக்கு இவளையும் எண்ணிக்குவோம். இவ போய்ப் படிச்சுட்டு வந்து லீவு நாள்ல வரப்புல நின்னு கதை சொல்லட்டும்." யாரும் கை தூக்கலை, எல்லார் கையிலயும் நாத்து. ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலை, அவ்வளவுதான். எங்கம்மா மட்டும் குனிஞ்சவ நிமிரவே இல்லை. அழுதுச்சுன்னு நினைக்கிறேன், தண்ணியில நின்னுக்கிட்டிருந்ததால யாருக்கும் தெரியலை.

ஊரான் வீட்டுப் புள்ளைக்குப் பங்கு ஒதுக்கற அளவுக்கு அங்க யாருக்கும் வயிறு நிறைஞ்சு கிடக்கலை. ரெண்டு மாசம் நத்தை தின்ன ஜனம் அது. புண்ணியத்துக்குச் செஞ்சாங்கன்னும் சொல்ல மாட்டேன், அஞ்சலை கேட்டா செருப்பால அடிக்கும். அவங்களுக்கு மிச்சக் கதை வேணும். ஒரு நாள்பூரா சேத்துல குனிஞ்சு நிக்கறவளுக்கு, நாளைக்கும் அதேதான்னு தெரிஞ்சவளுக்கு, அடுத்து என்ன ஆகும்னு தெரியாத ஒரு விஷயம் வேணும். அதுக்காக இன்னொரு நாத்துமுடி சேர்த்து நட்டாங்க. அந்த நெல்லைத் தின்னுதான் நான் டீச்சர் ஆனேன். நான் டீச்சர் ஆகித்தான் நீ ஆளானே. அதனால அந்தப் பொண்ணோட ரெண்டு பெட்டியும் வரட்டும். உன் வீட்டுல இடம் இல்லேன்னா உன் டிவியைத் தூக்கி வெளியில வை. கல்யாணத்தை யோசிக்கணும்னு நீ இன்னொரு தரம் சொன்னா நான் சீர்காழிக்கே போய் அவகிட்ட, நல்லா யோசிச்சுக்கம்மான்னு சொல்லிட்டு வந்துடுவேன்.

அந்த ரெண்டாம் பாகம் என்ன ஆச்சுன்னு நீ கேப்பே. மன்னார்குடியில தேடித் தேடி ஒரு நாள் கிடைச்சுது, அதையும் இங்கயே சொல்லிடறேன். கொடிக்கம்பத்தடியில தெருவே கூடி உக்காந்து படிச்சோம். அணை வெடிச்சுது. குதிரைக்காரன் எப்படியோ தப்பிச்சு, குதிரை ஏறி, தனியாப் போயிட்டான். வெள்ளத்துல நாத்து என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல. கூலி பத்திப் பேச்சே இல்ல. எல்லாருக்கும் சுருக்குன்னு ஆயிடுச்சு. இதுக்கு அது அடுப்புலயே இருந்திருக்கலாம்னு எங்கம்மா எழுந்து போயிடுச்சு. தெரு முழுக்க நாங்க போட்ட தீர்மானம்தான் சரின்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கும் அங்க மிச்சம் இருக்கற ஒண்ணு ரெண்டு கிழவிங்ககிட்ட கேட்டா, மழை வந்துதான் திரி அணைஞ்சுதுன்னு சத்தியம் பண்ணுவாங்க.

ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கு முந்தி நடந்தது. நடவுல அஞ்சலை சொன்னதுக்கு மறுநாள், எங்கப்பா கட்டை அவிழ்க்கச் சொல்லி, ஒரு மூங்கில் கழியை ஊனிக்கிட்டு எழுந்தாரு. வைத்தியர் வேணாம்னு சொன்னாரு, எங்கம்மா வேணாம்னுச்சு. கேக்கலை. ஆத்துப் பாலம் தாண்டி பஸ் வர்ற ரோடு வரைக்கும் நடந்தே வந்தாரு. வரப்புல ரெண்டு இடத்துல விழுந்தாரு. தூக்கப்போனா கையை உதறினாரு. அந்தக் கால் அப்புறம் நேரா வரவே இல்லை, நீ அவரைப் பாத்தப்பல்லாம் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடப்பாரே, அது அன்னிக்கு நடந்ததாலதான். லாரிக்காரன் உடைச்சது பாதி, என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போய் கெட்டது பாதி.

மன்னார்குடிப் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் நல்ல மனுசன்தான். எங்கப்பா கோலத்தைப் பாத்துட்டு பெஞ்சில உக்காரச் சொன்னாரு. எங்கப்பா உக்காரலை, கழியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. கைநாட்டு வச்சாச்சு. எழுதி முடிச்ச ஹெட்மாஸ்டர் ஆசையாத்தான் கேட்டாரு, உங்க பக்கத்துலேர்ந்து பொம்பளைப் புள்ளைங்க வர்றதே இல்லையே, இந்தக் காலோட இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே, பொண்ணை என்னவாக்கணும்னு ஆசைன்னு. மேடையில அப்பல்லாம் படிப்பு, முன்னேற்றம், பகுத்தறிவுன்னு தினம் பேசுவாங்க. அதெல்லாம் காதால கேட்டவருதான் எங்கப்பா. அன்னிக்கு அதுல ஒண்ணும் அவரு வாயில வரலை.

"ஒரு கதை பாதியில நிக்குதுங்க. இதோட அடுத்த புத்தகம் இந்த ஊர்லதான் கிடைக்குமாம். அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

ஹெட்மாஸ்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. எங்கப்பா சிரிக்கலை. கால் நடுங்குது, வேட்டியெல்லாம் சேறு, அவரு பாட்டுக்கு நிக்கறாரு. அவருக்கு வேற காரணம் ஒண்ணும் தெரியாது தம்பி. அந்த ஒரு காரணம் அவருக்குப் போதுமா இருந்துச்சு.

கல்யாண வேலைக்கு முன்கூட்டியே வந்து சேரு. மீதியை நேர்ல திட்டறேன்.

உன்னைப் பெத்தவ